பதினொரு இடக்கைக்காரர்

எங்கள் வாசிகசாலைக்காரர் ஒரு புத்தகம் போடுகிறார்கள். மன்னார்ப் பகுதியில் பேர் வெளியே தெரியாமல் வாழும் ஆட்களைப் பற்றியதாம். சிவராசாவைப் பற்றி என்னை எழுதச் சொன்னார் வாசிகசாலைப் பொறுப்பாளர் பிறின்சி. "நீங்கள்தானே ஹாஜியார் அவரை நல்லாத் தெரிஞ்ச ஆள்" என்றார். நல்லாத் தெரியும். அதனால்தான் மற்றவர்கள் எழுதுவதுபோல அன்பின் உருவம், பண்பின் சிகரம் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. சிவராசா உயிரோடுதான் இருக்கிறான். வாசித்துவிட்டுக் கோபிக்கட்டும். கோபிக்கத் தெரிந்தால் அதுவே அவனுக்கு ஒரு முன்னேற்றம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மர்சூக். உப்புக்குளத்தில் 'மர்சூக் கண்ணாடி மாளிகை' என்று இரண்டு தட்டில் நிற்கிறதே, அது என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பன்னிரண்டு வயதில் வாப்பாவோடு வள்ளத்தில் ஏறினேன். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தினபோது கற்பிட்டியில் போய் இறங்கினேன். உடுத்திருந்த சாரம் மட்டும்தான் என்னோடு வந்தது. புத்தளத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கூட்டித் துடைக்கிற ஆளாகச் சேர்ந்து, கண்ணாடி வெட்டப் பழகி, கண்ணாடியில் எழுதப் பழகி, இருபது வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தபோது சொந்த லொறியில் வந்தேன். இன்றைக்கு இந்தத் தீவில் பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ, நான் வெட்டின கண்ணாடி இல்லாத கட்டிடம் இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிவராசாவும் அதே ஆண்டில் வெறுங்கையோடு போனவன்தான். நான் தெற்கே போனேன், அவன் மேற்கே இந்தியாவுக்குப் போனான். உயிலங்குளத்து வயல்காரன். கடலைத் தூரத்தில் கண்டாலே முகம் வெளிறும். பேசாலைக் கரையில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் வரைக்கும் படங்குச் சீலைக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு சத்தி எடுத்தானாம். அதை அவனே சிரித்துக்கொண்டு சொல்லுவான். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

மண்டபம் அகதி முகாமில் இருபத்தொரு வருடம் இருந்தான். அவ்வளவு காலத்தில் ஒரு மனிதன் ஒரு தொழிலைப் பிடித்து எழும்பியிருக்கலாம். இவன் என்ன செய்தான்? இராமநாதபுரத்தில் ஒரு பழைய பேப்பர்க் கடையில் தாள் பிரிக்கிற வேலை. ஒரு நாள் யாரோ பெரிய வீட்டுக்காரர் விற்ற பழைய புத்தகங்கள் மூட்டையாய் வந்திருக்கின்றன. அதில் ஒன்று கறையான் தின்று முதுகு பிரிந்த தடித்த புத்தகம். எந்தக் காலத்திலோ கப்பலேறி உலகம் சுற்றின ஒரு ஒல்லாந்தக்காரனின் பயணக் கதை. எழுத்தெல்லாம் கறையானுக்குப் போய்விட்டது. படங்கள் மட்டும் மிச்சம், பதினேழு தாள். செப்புத் தகட்டில் கோடு கோடாய் வெட்டி, மை பூசி, தாளை வைத்து அழுத்தி எடுத்த படங்கள். கடைக்காரனிடம் அன்றைய கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனானாம் இந்தப் புத்திசாலி. பெண்சாதி அன்றைக்கு என்ன சமைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்த அடுத்த வருடம் பதினேழு தாளையும் ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்து என் கடை மேசையில் பரப்பினான். பிரேம் போட வேண்டுமாம். நான் எட்டிப் பார்த்தேன். யானை என்று ஒன்று, அதற்கு நாயின் கால். தென்னை மரம் என்று ஒன்று, ஒட்டடைத் தடியை நட்டு வைத்ததுபோல. மீனுக்கு இமை கீறியிருக்கிறான். முத்துக் குளிக்கிறவன் கடலுக்கு அடியில் நிற்கிறான், தாடி சீவினபடியே இருக்கிறது. நான் கடலில் கிடந்தவன். நாங்கள் தண்ணீருக்குள் பார்க்கிற மீன் ஒன்று, இவன் கீறி வைத்திருக்கிற மீன் இன்னொன்று. கப்பலின் மேல்தட்டில் கதிரை போட்டு இருந்துகொண்டு, யாரோ சொன்னதைக் கேட்டுக் கீறின படங்கள்.

"என்ன காணும் இது? இதுக்கோ நல்ல கண்ணாடி?" என்று கேட்டேன்.

சிவராசா ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து வைத்தான். "இது எங்கட கோட்டை, ஹாஜியார். மன்னார்க் கோட்டை. கீழ எழுதியும் கிடக்குது. அந்தப் பாஷை தெரிஞ்ச ஒரு சுவாமியார் வாசிச்சுச் சொன்னவர். 'தென்கடலில் இருந்து பார்த்தபடி மன்னார்' எண்டு இருக்காம்."

அவன் அதைச் சொன்ன விதம், கோட்டையைக் கட்டினதே அவனுடைய அப்பன் என்பதுபோல இருந்தது. நான் மகன் ஷிராஸைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். நான் கண்ணாடியைப் பார்க்கிறவன். படம் பார்க்க எனக்கு நேரம் ஏது?

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தப் படங்கள் உயிலங்குளத்தில் அவனுடைய கல்வீட்டுச் சுவரில் தொங்கின. போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவான். வயலில் பன்றி இறங்கி நெல்லை உழுதுவிட்டுப் போனாலும் இவன் வீட்டுக்குள் பிரேமுக்குத் தூசி தட்டிக்கொண்டிருப்பான். ஊர் அவனைப் 'படக்காரன்' என்று கூப்பிட்டது. அது மரியாதைக்குச் சொன்ன பெயர் இல்லை. அவனுக்கு அதுவும் விளங்கவில்லை.

இந்த வருடம் வாசிகசாலையில் பழைய மன்னாருக்கு என்று ஒரு அறை திறக்க முடிவு செய்தார்கள். பிறின்சி போய்ச் சிவராசாவிடம் கேட்டார். பதினேழையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டான், கோட்டைப் படத்தின் கீழே தன் பெயரைப் போட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. ஆயுளில் அவன் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

படங்களுக்கு விளக்கம் எழுதக் கொழும்பிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். பேர் றெனால்ட், கலாநிதிப் பட்டம் வாங்கினவர். மெல்லிசான ஆள், கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. அறை திறக்க ஒரு கிழமை இருக்கும்போது வந்தார். பதினாறு படத்தையும் பார்த்து "நல்லது, நல்லது" என்றிருக்கிறார். பதினேழாவதில் நின்றாராம். அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றிருக்கிறார்கள், உயிலங்குளத்துச் சனமும் இருந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: தென்கடலில் இருந்து பார்த்தால் தீவும் கோட்டையும் இடப்பக்கம் இருக்க வேண்டும், பெருநிலம் வலப்பக்கம் இருக்க வேண்டும். இதில் கோட்டை வலப்பக்கம் நிற்கிறது. ஆகவே இது மன்னார் இல்லை. இந்தியாவில் யாரோ உல்லாசப் பயணிகளுக்கு விற்கச் செய்த போலி. ஒன்று போலி என்றால் மற்றப் பதினாறையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். இவற்றை மாட்ட வேண்டாம்.

அடுத்த நாள் காலை சிவராசா, வாசிகசாலையில் திருப்பி வாங்கின கோட்டைப் படத்தைப் பிரேமோடு சாக்கில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"கழட்டித் தாங்கோ ஹாஜியார்."

"என்னத்தை?"

"பிரேமை. தாளை எடுத்து எரிக்கப் போறன். கண்ணாடியை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ."

"எரிக்கிறதுக்கு என்ட கடைக்கு ஏன் காணும் வந்தனீர்? வீட்டில அடுப்பு இல்லையோ?"

அவன் கதிரையில் இருந்தான். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

"அந்தாள் சபையில வச்சு அப்பிடிச் சொல்லேக்க நீர் என்ன சொன்னீர்?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"ஏன்? வாய்க்குள்ள என்ன வச்சிருந்தீர்?"

"அவர் படிச்சவர், ஹாஜியார்."

இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உள்ளங்கால் எரியும். படித்தவராம். நான் படிக்காதவன். எனக்கு முன்னால் யாராவது என் கண்ணாடியைப் போலி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடட்டும் பார்ப்போம்.

"அதுக்கு இப்ப ஏன் அழுறீர்? போனால் போகட்டும், ஒரு தாள்."

"தாள் இல்லை, ஹாஜியார்." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முகாமில பிறந்த பிள்ளையளுக்கு ஊர் எண்டா என்னெண்டு தெரியாது. நான்தான் இந்தப் படத்தை வச்சுக் காட்டினனான். இது கோட்டை, இது கடல், இந்தக் கரையால உள்ளுக்குப் போனா எங்கட வயல், எண்டு. இருபது வருஷம். அதுகள் நம்பிக்கொண்டுதான் இஞ்ச வந்ததுகள். இப்ப அதுகளுக்கு முன்னால நான் பொய்க்காரன். ஊர் முழுக்கச் சொல்லுது, படக்காரன் பொய்யைக் காட்டிப் பிள்ளையளை ஏமாத்தினவன் எண்டு."

ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரே சொத்து பதினேழு தாளாக இருந்தால், அதையும் ஒருவன் ஒரு நிமிடத்தில் ஊதிவிட்டுப் போவான். இதைத்தான் நான் அவனுக்கு வருடக் கணக்காகச் சொல்லி வந்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. குறட்டை எடுத்து ஆணிகளைப் பிடுங்கினேன்.

பழைய தாளைப் பிரேமிலிருந்து எடுத்தால் ஓட்டை, பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். எந்தத் தாளாக இருந்தாலும் அப்படித்தான். கடையின் முன் கதவு முழுக் கண்ணாடி. கதவில் என் கடைப் பெயர் நானே எழுதினது. கண்ணாடியின் உட்பக்கத்தில் எழுத்தைத் திருப்பி எழுதினால்தான் வீதியில் போகிறவனுக்கு நேராகத் தெரியும். வெளியே எழுதினால் வெயிலும் உப்புக் காற்றும் பெயின்றைத் தின்றுவிடும். அந்தக் கதவில், வீதியைப் பார்க்கப் படத்தின் முகத்தை வைத்து, தாளின் முதுகு என் பக்கம் இருக்க அழுத்திப் பிடித்தேன். காலை வெயில் தாளுக்குள்ளால் வந்தது.

பின்பக்கத்தால் கோட்டை தெரிந்தது. இடப்பக்கத்தில். நடுவில் ஒடுங்கின கடல். வலப்பக்கத்தில் பெருநிலத்துக் கரை தாழ்ந்து போகிறது. வாப்பாவோடு தெற்கே வலை இழுத்துவிட்டு விடியற்காலம் திரும்பி வரும்போது வள்ளத்தின் முன்னணியத்தில் நின்று எத்தனை ஆயிரம் தரம் பார்த்த காட்சி! ஒரு முழம் பிசகவில்லை. அந்தக் கரை எந்த இடத்தில் வளையுமோ அந்த இடத்தில் வளைந்திருந்தது.

தாளைத் திருப்பினேன். கோட்டை வலப்பக்கம் போனது. மறுபடி திருப்பினேன். இடப்பக்கம் வந்தது.

"சிவராசா, இஞ்ச வாரும். படத்தில கிடக்கிற வள்ளங்களில எத்தினை பேர்?"

அவன் எண்ணினான். "மூண்டு வள்ளத்திலயும் சேத்துப் பதினொண்டு."

"வாள் பிடிக்கிறவன் எந்தக் கையில பிடிக்கிறான்?"

"இடது."

"வீச்சு வலை எறியிறவன்?"

"இடது."

"அந்தத் தொப்பிக்காரன் கொப்பியில எழுதுறானே, அவன்?"

சிவராசா தாளுக்கு மூக்கு முட்டும்வரை குனிந்தான். "இடதுதான், ஹாஜியார். எல்லாரும் இடது."

"ஒரு கப்பல்காரன் உலகம் சுத்தப் போகேக்க இடக்கைக்காரராப் பாத்துப் பொறுக்கி ஏத்திக்கொண்டு வந்தவனோ? முப்பது வருஷமா இந்தத் தாளைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தனீர். ஒரு நாள் இதை எண்ணிப் பாத்தனீரோ?"

"நான் வயல்காரன், ஹாஜியார். கடலுக்க நிண்டு கோட்டையைப் பாத்ததில்லை. பாலத்தால வந்துதான் பாத்தனான்."

அதுதான் அவன். வந்த வழியில் கண்ணை மூடினவன், திரும்பின வழியில் விமானத்திலும் பஸ்ஸிலும் வந்தவன்.

எனக்கு விசயம் விளங்கிவிட்டது. என் கடையில் எழுதப் பழக வருகிற ஒவ்வொருவனும் முதல் கிழமை விடுகிற பிழை இது. முன்னால் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, அதை அப்படியே பார்த்துக் கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுதிவிடுவான். முன்னால் போய்ப் பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கும். செப்புத் தகடும் அப்படித்தானே? தகட்டில் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராக விழும். கப்பலில் கீறிக்கொண்டு வந்த படத்தைத் தகட்டுக்காரன் அப்படியே பார்த்து வெட்டியிருக்கிறான். தாளில் ஊர் திரும்பிப்போயிற்று. உலகம் முழுக்கப் பிடிக்கக் கப்பல் விட்ட ஆட்கள்! என்னிடம் பழக வந்திருந்தால் முதல் கிழமையே கூட்டுமாறைக் கையில் கொடுத்திருப்பேன்.

அன்றைக்கே தாளைச் சுருட்டாமல் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, சிவராசாவையும் இழுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனேன். கலாநிதி பிறின்சியின் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், இந்தப் படத்தைப் பின்பக்கத்தால பாத்தனீங்களோ?"

"பின்பக்கத்தால ஏன் பாக்கவேணும் ஐயா? படம் முன்பக்கத்திலதானே இருக்கு?" என்று சிரித்தார். பிறின்சிகூடச் சிரிக்கவில்லை.

நான் ஜன்னல் பக்கம் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன். "இப்ப பாருங்கோ. கோட்டை எங்க?"

அவர் பார்த்தார். பூதக்கண்ணாடியைத் தூக்கினார், இறக்கினார். "இடப்பக்கம். ஆனா ஐயா, கீழ இருக்கிற எழுத்து? படம் திரும்பியிருந்தா எழுத்தும் திரும்பியிருக்க வேணுமே? முன்பக்கத்தில எழுத்து நேராத்தானே இருக்கு?"

"படம் வெட்டுறவன் ஒருத்தன், எழுத்து வெட்டுறவன் இன்னொருத்தனா இருந்திருப்பான். என்ட கடையிலயும் அப்பிடித்தான். பூ கீறுறவனுக்கு எழுதத் தெரியாது. எழுத்துக்காரனுக்கு வேலை தெரிஞ்சிருக்கு, படம் வெட்டினவனுக்குத் தெரியேல்ல. அந்த மூண்டு வள்ளத்திலயும் பதினொரு பேர் இருக்கினம், கையைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். ஒவ்வொருவராக எண்ணுவது உதட்டில் தெரிந்தது.

"இனி இதைத் தடவிப் பாருங்கோ." மேல் கண்ணாடியைத் தூக்கி, அவருடைய விரலைப் பிடித்துத் தாளின் ஓரத்தில் வைத்தேன். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தாள் ஒரு நூலளவு பதிந்திருந்தது. "தகட்டை வச்சு அழுத்தின பள்ளம். போட்டோ எடுத்து மெசினில அடிக்கிறவன் ஊரைத் திருப்பவும் மாட்டான், தாளில பள்ளம் தோண்டவும் மாட்டான். போலி செய்யிறவன் கோட்டையைச் சரியான பக்கத்தில வச்சுத்தான் செய்வான், சேர். அவனுக்கு விக்க வேணுமே."

கலாநிதி விரலைத் தாளின் ஓரத்தால் ஒரு சுற்று ஓட்டினார். பிறகு, "உண்மைதான். அந்தக் காலத்துச் செதுக்கல்களில இது சாதாரணமா நடக்கிற விசயம். இதுக்கு ஒரு சொல்லே இருக்கு" என்றார்.

சொல் இருக்கிறதாம்! சொல்லைத் தெரிந்து வைத்திருக்கிறவருக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்த படம் தெரியவில்லை. இந்த நாட்டில் படிப்பு என்றால் இதுதான். பெயர் எல்லாம் வாய்க்குள் இருக்கும், பொருளைக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே பிடிக்க ஒரு கண்ணாடிக்காரன் வேண்டும்.

"அப்ப நேற்றுச் சபையில சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். "இந்தாளைப் பொய்க்காரன் எண்டு சொன்ன அதே இடத்தில."

"நான் பொய்க்காரன் எண்டு சொல்லேல்ல ஐயா."

"நீங்கள் சொல்லேல்ல. ஊர் சொல்லுது."

சிவராசா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். "விடுங்கோ ஹாஜியார், விடுங்கோ. அவர் ஒத்துக்கொண்டிட்டார்தானே." தனக்காக வேறொருவன் சண்டை பிடிக்கும்போதும் இழுத்து நிறுத்துகிற மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் விடவில்லை. திறப்பு நாளில் சபைக்கு முன்னால் சொல்லுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

கோட்டைப் படத்தை நான் சுவரில் மாட்ட விடவில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, அறையின் நடுவில், ஜன்னலுக்கு எதிரே, கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டேன். முன்னால் நின்றால் ஒல்லாந்தன் விட்ட பிழை. பின்னால் போனால் மன்னார். என்னிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

திறப்பு நாளில் உயிலங்குளத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சனம் வந்தது. கலாநிதி சொல்ல வேண்டியதைச் சொன்னார், இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதை அரை மணித்தியாலம் சொன்னார். பாதிப் பேருக்கு விளங்கவில்லை. அது பரவாயில்லை, போலி இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் விளங்கிற்று. முகாமில் பிறந்த பிரஷாந்தி என்ற பிள்ளை, இப்போது கலியாணம் முடித்து வயல் செய்கிறாள், படத்தின் முன்னால் போய் நின்றாள். சிவராசா அவளுடைய தோளைத் தொட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனான்.

"இஞ்சால நிண்டு பார் பிள்ளை. இதுதான் சரி. நான் காட்டினது மறுபக்கம்."

அவள் முன்னால் ஓடினாள், பின்னால் ஓடினாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மாமா! நான் இஞ்ச வந்து மூண்டு மாசம் எனக்குக் கிழக்கு மேற்குப் பிடிபடேல்ல. கடற்கரைக்குப் போனா ஊர் பிழையான பக்கத்தில நிண்டது. பேய் பிடிச்சிட்டுது எண்டு அம்மா எனக்கு நூல் கட்டினவ! அது உங்கட வேலையோ?" என்றாள்.

வேனில் வந்த சனம் முழுக்கச் சிரித்தது. "எனக்கும் அப்பிடித்தான்டி!" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி கத்தினாள். சிவராசாவும் சிரித்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கத் தெரியாமல் நின்றான். அதையும் நான்தான் லேஞ்சி கொடுத்துத் துடைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பெயர் எழுதுகிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது. கலாநிதியின் பெயரும் விளக்கமும் அச்சடித்த மட்டையில் வந்திருந்தன, அதை முன்பக்கத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். சிவராசாவின் பெயரை மட்டையில் போட நான் சம்மதிக்கவில்லை. உப்புக் காற்றில் மட்டை எத்தனை நாளைக்கு? சனம் போன பிறகு பெயின்றையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"முன்னுக்கோ பின்னுக்கோ காணும், உம்மட பேர்?"

முன்பக்கம்தான் எல்லாரும் வந்து நிற்கிற இடம். வாசலால் வருகிறவனுக்கு முதலில் தெரிவது அதுதான். அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"பின்னுக்கு எழுதுங்கோ, ஹாஜியார். ஊர் சரியா நிக்கிற பக்கத்தில."

நான் அவனைப் பன்னிரண்டு வருடமாக அறிந்தவன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவன் சொன்ன உருப்படியான சொல் அது ஒன்றுதான். பின் கண்ணாடியைக் கழற்றி, உட்பக்கத்தில் எழுத்தைத் திருப்பி எழுதினேன்: உயிலங்குளம் சிவராசா தந்தது. ஒரு புள்ளி இடம் மாறவில்லை. கண்ணாடியை மறுபடி பூட்டி, சங்கிலியை இறுக்கி, கீழே இறங்கினேன். அவன் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தான். பிறகு, ஏணியை நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைக்கூட நினையாமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.